கை எட்டாத கிடார்

ஆவுடைத்தாய்க்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். வீட்டில் உள்ளவர்களுக்கு அது தெரியும்.

அவள் புருஷன் தில்லைநாயகம் தென்காசியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். கூடவே, கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசிக்கும் ஒரு மெல்லிசைக் குழுவையும் நடத்திவந்தான். ஒத்திகை வீட்டிலேயே நடக்கும். கனத்த அடிநாதம் தரும் பேஸ் கிடாரை வாசிக்கும் கடையத்து நல்லக்கண்ணு டீ குடிக்கப் போகும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து வந்து அந்தக் கிடாரை மடியில் வைத்துத் தட்டித் தடவித்தான் அவள் வாசிக்கப் பழகினாள்.

1965-ல் நல்லக்கண்ணு சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். அந்த வைகாசி முழுக்க அவனுக்குப் பதிலாக வாசித்தது ஆவுடைத்தாய்தான். மேடையில் அல்ல, படுதாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து. அந்தக் கிடாரின் நீளத்துக்கு அவள் கை எட்டாது. இழுத்துப் பிடித்துப் பிடித்துச் சுண்டுவிரல் வீங்கிப்போனது. கை சரியானதும் நல்லக்கண்ணு கிடாரைத் தூக்கிக்கொண்டு மதராசுக்குப் போய்விட்டான்.

"நமக்குன்னு ஒண்ணு செய்வோம். என் கைக்கு அளவா இருக்கணும். இனிமே நான் படுதாவுக்குப் பின்னால உக்கார மாட்டேன்" என்றாள்.

"அதுக்கென்ன, செய்வோம்" என்றான் தில்லைநாயகம்.

வடகரையில் அவள் பிறந்த வீட்டுப் பலாமரம் ஒன்று காற்றில் சாய்ந்திருந்தது. அண்ணனிடம் கேட்டு, அறுத்த பலகையை வண்டியில் ஏற்றி வந்தாள். ஆர்மோனியம் பழுதுபார்க்கும் தச்சர் யாக்கூப்பின் பட்டறைக்கு அவளே போனாள். இடது கை விரல்களை விரித்து, அந்த அகலத்துக்கு ஓர் ஈர்க்கை ஒடித்துக் கொடுத்தாள்.

"இதுதான் அளவு பாய். கழுத்து இதுக்குத் தக்கன குட்டையா இருக்கட்டும்."

"சரி தங்கச்சி" என்று யாக்கூப் அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆடியில் கிடார் வந்தது. பாலிஷ் மின்னியது. மின்சார வேலையைத் தில்லைநாயகமே செய்திருந்தான். ஆவுடைத்தாய் மடியில் வைத்துக் கையை நீட்டினாள். எட்டவில்லை. நல்லக்கண்ணுவின் கிடாரைவிட இது இன்னும் நீளம்.

அப்படியே தூக்கிக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள்.

"நான் குடுத்த ஈர்க்கு எங்க பாய்?"

"அது அங்கனதான் கெடக்கு. அண்ணாச்சி வந்து அவுக கைய வச்சு அளவு குடுத்துட்டுப் போனாக. வீட்டு ஆம்பள சொல்லுதாகளேன்னு நானும் செஞ்சுட்டேன்."

பின்னாலேயே தில்லைநாயகம் வந்து சேர்ந்தான்.

"நீங்க அளவு குடுத்தியளா?"

"இங்க பாருட்டி, நீ எத்தன நாளைக்கு மேடை ஏறப்போற? நாளப்பின்ன நான் வாசிப்பேன், வேற பையன் எவனாச்சும் வருவான். எல்லாத்துக்கும் ஆவட்டும்னுதான்."

அவள் யாக்கூப் பக்கம் திரும்பி, "கழுத்தை எடுத்துட்டு வேற போடுங்க பாய்" என்றாள்.

"ஒட்டி இறுக்குனது தங்கச்சி. அறுத்தாத்தான் வரும். உடம்புதான் ஒங்க பலா, கழுத்துக்கு நான் போட்டது நல்ல தேக்கு. என் கையால அறுக்க மாட்டேன்."

சுவரில் தொங்கிய ரம்பத்தை எடுத்து, கிடாரைப் பலகைமேல் கிடத்தி, அவளே அறுக்கத் தொடங்கினாள். ரம்பம் கோணிக்கொண்டு போனது. பாலிஷ் பொரிந்து உதிர்ந்தது. தில்லைநாயகம் கையைப் பிடிக்க வந்தான். "தொடாதீய" என்றாள். அவன் நின்றுவிட்டான்.

"இப்படி அறுத்தா உடம்பும் சேந்து போயிரும்" என்று யாக்கூப் ரம்பத்தைப் பிடுங்கினார். முகம் சிவந்திருந்தது. தன் வேலையைத் தானே அறுத்தார். புதுக் கழுத்து செய்து முடிக்கும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஈர்க்கைத் தேடி எடுத்து, அதை வைத்துத்தான் செய்தார்.

அடுத்த ஆண்டு குற்றாலம் சீசனில் கச்சேரி. சாரலுக்குப் பந்தல் நனைந்து சொட்டியது. ஆவுடைத்தாய் மேடையில் முன்வரிசையில் நின்று வாசித்தாள். இடைவேளையில் ஒரு மிராசுதார் வந்து தில்லைநாயகத்தின் தோளைத் தட்டினார்.

"வீட்டம்மாவ நல்லாப் பழக்கி வச்சிருக்கீரு வே."

தில்லைநாயகம் சிரித்துக்கொண்டே கும்பிட்டான். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மைக்கின் முன்னால் போய் நின்றாள்.

"என்னைய யாரும் பழக்கிவிடலை. நானாப் படிச்சேன். இந்தக் கிடாரும் என் கைக்குச் செஞ்சது, எங்க வீட்டு மரத்துல" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். மைக் அதைப் பந்தல் முழுக்கக் கொண்டுபோனது.

வீடு திரும்பிய பிறகும் தில்லைநாயகம் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அளவை மாற்றியது தப்பு என்று அவன் ஒருபோதும் ஒப்புக்கொண்டதும் இல்லை. ஆனால் கல்யாண வீட்டார் தேதி கேட்க வந்தால், அடுப்படிப் பக்கம் திரும்பி, "உனக்கு அன்னைக்குத் தோதுப்படுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சம்மதம் சொன்னான். சில தேதிகளுக்கு அவள், மாட்டேன் என்றாள்.