ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டிப் போன ரேஸ் சைக்கிள்

புது சைக்கிளின் ஹாண்டில்பாரைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள் என்று கடை ஏறிச் சண்டை போட்டவன் நான். நானே சொல்லிவிடுகிறேன், எப்படியும் பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்குத் தெரியும்.

"ஆட்டுக்கொம்பு தரையப் பாத்தா இருக்கும் அண்ணாச்சி? திருப்பி மாட்டித் தாங்க."

கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்: "ரேஸ் சைக்கிள் அப்படித்தான் சார்வாள். குனிய வேண்டியது நீங்க."

அந்த சைக்கிளுக்கு உண்டான வயதும் எனக்கு இல்லை, வயிறும் இல்லை. ஆனால் வேலை ஸ்ரீவைகுண்டத்துப் பள்ளிக்கூடத்தில், வீடு பாளையங்கோட்டையில். காலை பஸ்ஸை நம்பி அந்த மாதம் மூன்று தடவை பிந்திவிட்டேன். "இன்னொரு நாள் மணி அடிச்ச பொறவு வந்தீருன்னா அரை நாள் லீவ வெட்டிருவேன் வே" என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். எனக்கு மிச்சம் இருந்ததே அந்த அரை நாள்தான். மற்றதையெல்லாம் கிரிக்கெட் பார்த்துத் தீர்த்திருந்தேன். அதை மட்டும் மகளின் காதுகுத்துக்கென்று பத்திரப்படுத்தியிருந்தேன்.

ஜூன் கடைசி. ஏழே முக்காலுக்குத் திருச்செந்தூர் ரோட்டில் கிழக்கே பார்த்து ஏறினேன். முதல் மிதிகளில் முழங்கால் தொந்தியை நலம் விசாரித்தது. ஊர் தாண்டியதும் எனக்குப் பேச்சு நின்றுபோனது. தனியாகப் போனாலும் எனக்கு நானே பேசிக்கொண்டு போகிற ஆள் நான்.

சைக்கிள் என்றால் நாம் மூச்சு வாங்குவோம், அது முனகிக்கொண்டே கூட வரும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இது மிதிக்க நினைக்கும்போதே போயிருந்தது. பெருவிரல் கனம்கூட இல்லாத டயர் வழியாகத் தாரின் ஒவ்வொரு பொடிக்கல்லும் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரம் மட்டும் கிர்ரென்று பாடிற்று. காதில் காற்று இரையவே இல்லை. அத்தனை வேகத்தில் அப்படி ஒரு அமைதி. நாற்றங்காலில் நின்ற கொக்குகள் நான் வருவது தெரியாமல் நின்றன. வாழைத்தோப்புகளில் கிழிந்த இலைகள் எல்லாம் நான் போகும் பக்கமே கைகாட்டின. அண்டசராசரமும் என்னோடு வருகிறது என்று நினைத்தேன்.

செய்துங்கநல்லூரில் என் பழைய பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "யாரு சைக்கிளத் தூக்கிட்டு ஓடுதீய சார்வாள்?" என்றார். பதில் சொல்லத் திரும்பியபோது அவர் வெகு தூரத்தில் இருந்தார்.

அடுத்து நிமிர்ந்து பார்த்தபோது எதிரே கோபுரம். ஆழ்வார்திருநகரி. ஸ்ரீவைகுண்டத்துக்குத் திரும்பும் முக்கு எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை.

மணி ஒன்பது. பள்ளிக்கூட மணிக்கு இன்னும் இருபது நிமிஷம். இந்த சைக்கிளுக்கு அது தாராளம். திருப்பினேன். அவ்வளவுதான், சைக்கிள் எருமையாகிவிட்டது. எழும்பி நின்று மிதித்தும் நகரவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டதோ என்று இரண்டு தடவை இறங்கிப் பார்த்தேன். வேட்டி முகத்தில் வந்து அறைந்தது. பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது மணி அடித்துக் கால்மணி ஆகியிருந்தது.

ஹெட்மாஸ்டர் சிவப்பு மையில் என் அரை நாளை எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், சைக்கிள் என்னை இழுத்துட்டுப் போயிட்டு சார். என்னா வேகம்ங்கியோ. ஆழ்வார்திருநகரிலதான் நின்னுது. திரும்பி வரத்தான் என்னமோ மக்கர் பண்ணுது."

அவர் தலையைத் தூக்கவில்லை.

"ஆனி மாசத்து மேக்காத்து வே அது."