மேற்கே சூலமும் காருக்குச் சார்ஜும்

தண்டூன்றிய திருக்கரமும், துறவிலும் குளிர்ந்த திருநோக்கும் உடைய பழனியாண்டவன் பாதம் பணிந்து இதை எழுதத் தொடங்குகிறேன்.

அன்று தைக் கிருத்திகை. வெள்ளிக்கிழமையும் கூடிய நன்னாள். என் மனைவிக்கு இடுப்பு மூட்டு முற்றும் தேய்ந்திருந்தது. மாலையில் திண்டுக்கல் மருத்துவமனையில் சேர வேண்டும். மறுநாள் அறுவைச் சிகிச்சை. அதற்கு முன் அவள் கேட்டது ஒன்றே. மலையேற வேண்டாம், அடிவாரத்திலிருந்தே கோபுரத்தைக் கண்ணால் கண்டால் போதும் என்றாள்.

அவளால் உட்கார இயலாது. ஆகவே எங்கள் மகன், படுக்கையும் கழிப்பறையும் உள்ள கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தன் காரின் பின்னே பூட்டினான். அவனுடையது வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, பெட்ரோலிலும் ஓடும் ஹைபிரிட் கார். இரண்டும் சேர்ந்து இழுத்தால்தான் அந்தப் பாரம் மேடேறும் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான்.

வெள்ளியன்று மேற்கே சூலம். பழனியோ எங்களுக்கு மேற்கு. சூலம் உள்ள திசைக்குப் புறப்பட நேர்ந்தால், முதல் நாளே நல்ல வேளையில் பயணப் பொருள் ஒன்றை வெளியே கொண்டுபோய் வைப்பது பரஸ்தானம். வியாழன் மாலை, காரையே தெருவின் மேற்குக் கோடியிலுள்ள பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தச் சொன்னேன்.

"அப்பா, ஒரு பையைக் கொண்டு வச்சாப் பத்தாதா? வண்டி இப்பத்தான் சார்ஜ் ஏறுது" என்றான் மகன்.

"போறது பையா, வண்டியா?" என்று கேட்டேன். அவன் வயரைப் பிடுங்கினான். கார் இரவெல்லாம் பிள்ளையாருக்குக் காவல் இருந்தது.

காலையில் புறப்பட்டோம். சாலையின் ஒரு பாதி முழுவதும் பாதயாத்திரை அடியார்கள். அவர்களோடு ஊர்ந்ததில் இருந்த சொற்பச் சார்ஜும் தீர்ந்தது. ஒட்டன்சத்திரத்துக்கு முந்திய மேட்டில் எஞ்சின் தனியே முக்கியது. சூடேறி, திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. மகன் ஓரங்கட்டினான்.

பச்சை வேட்டி கட்டிய ஒருவர் நின்று பார்த்தார். "ஏனுங்க, முருகன் எடம் குடுக்க மாட்டார்னு வீட்டையே கழட்டிக் கொண்டுபோறீங்களா?" என்றார். அவருடன் வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அருகிலிருந்த சார்ஜ் நிலையத்தை மகன் போனில் விசாரித்தான். அங்குள்ள பிளக் இந்தக் காருக்குப் பொருந்தாதாம். டீக்கடைச் சாதாரணப் பிளக்கில் போட்டால் நான்கைந்து மணி நேரம் ஆகும். அதற்குள் மருத்துவமனை நேரம் கடந்துவிடும். வேறு வண்டியில் ஏற்றலாமென்றால் அவளைத் தூக்கி மாற்ற முடியாது.

கேரவனுக்குள் போனேன். வலியில் உதட்டைக் கடித்திருந்தாள்.

"கோபுரம் தெரியுதாங்க?"

"இல்லை" என்றேன். பிறகு, காருக்குச் சார்ஜ் இல்லாமற்போன காரணத்தையும் சொன்னேன்.

"பிள்ளையாருக்குத்தான் காரு கேட்டுச்சாக்கும். அவரு தம்பியைப் பார்க்க நமக்குக் குடுத்து வைக்கலை. திருப்பச் சொல்லுங்க" என்றாள்.

நெரிசலில் கேரவனோடு காரைத் திருப்ப வழியில்லை. மகன் இரண்டையும் கழற்றினான். சிரித்த அடியார்களே பத்துப் பன்னிரண்டு பேர் கேரவனைப் பிடித்து, "கந்தனுக்கு அரோகரா!" என்று முழங்கிக் கிழக்கு நோக்கித் தள்ளித் திருப்பினார்கள். முருகன் பெயரைச் சொல்லியே அவளை அவனிடமிருந்து தள்ளினார்கள். உள்ளே அவளும் மெல்லிய குரலில் அரோகரா சொன்னாள். கைகட்டி நின்றேன்.

எஞ்சின் ஆறியபின் இறக்கமாகவே ஓட்டி, மாலையில் திண்டுக்கல் சேர்ந்தோம். அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது. இப்போது கைத்தடி ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறாள். பழனிக்குப் போவோமா என்று நான் இருமுறை கேட்டேன். "பார்ப்போம்" என்றாள். அதற்குமேல் வற்புறுத்த எனக்கு வாயில்லை.

இதைப் படிப்போர் எல்லோரும் நினைத்த தலத்தை நினைத்த நாளில் அடைவீர்களாக. உடன் வருவோர் நோயின்றி வாழ்க.