நான் தாண்டிப் போன வாசல்

தெரணியகலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், ஜெபமாலை மாதமான அக்டோபரில் மாதா சுரூபத்தை ஒரு நாளைக்கு ஒரு வீடாகக் கொண்டுபோய் வைத்து ஜெபம் சொல்வோம். எந்த வீட்டுக்கு எப்போது என்று பட்டியல் போடுவது நான்தான்.

அதில் ஸ்டெல்லா வீட்டை மட்டும் மூன்று வருசமாக எழுதவில்லை. அவள் இந்துவான முருகேசுவைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டவள். "அவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன அக்டோபரில் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள் வழியே போகும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கியது அவள் வாசலில். திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வெள்ளைத் துணி விரித்த மேசை, பூ, பற்றவைக்காத மெழுகுதிரி.

"வருசா வருசம் இப்படித்தாண்ணே ஜோடிச்சு வைக்கிறா," என்றார் முருகேசு. "இந்த மாசம் முழுக்க வீட்டுல கவிச்சி கெடையாது. கருவாட்டு வாசமே எனக்கு மறந்துபோச்சு."

"சும்மா இருங்க," என்று அவரை அதட்டிய ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். "மாதாவுக்கு எங்க வீடு வேணாமாண்ணே?"

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி எடம் குடுக்கணுமே, புள்ள," என்று சிரித்தார் முருகேசு.



"மாதா இல்லம்மா, நான்தான் உங்க வீட்ட விட்டுட்டேன்," என்று சொல்லி, சுரூபத்தை முருகேசுவிடம் நீட்டினேன். அவர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார்.

விசுவாசத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்த விசுவாசமோ, அந்த வீட்டுக்குள் எனக்காகக் காத்திருந்திருக்கிறது.