மேட்டு மரத்துக் கள்

கார்த்திகேசு கிராணியைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டுமென்றால், சைக்கிளைப் பளபளவென்று துடைத்து வைத்திருப்பார். அவ்வளவுதான். மற்றதெல்லாம் வாய்.

எங்கள் தோட்டம் மலாயாவில், ராசா டவுனுக்கும் கோலா குபு பாருவுக்கும் நடுவில், மலைச் சரிவில் இருந்தது. நான் அங்கே ரப்பர் பால் லோரி ஓட்டினேன். ரோட்டைச் சடக்கு என்போம்; சமமான சடக்கு என்று ஒரு சாண்கூடக் கிடையாது. ஏறினால் லோரி முனகும், இறங்கினால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அந்த மேடு பள்ளங்களில்தான், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் உலா போவார். மூன்று கியர் வைத்த பச்சை சைக்கிள். கால்சட்டைக்குக் கிளிப்பு. தலையில், தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை கழித்துப் போட்ட வெள்ளைத் தொப்பி.

போவது எதற்கு? கள் குடிக்க. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஒரு கள்ளுக்கடை, கடைக்கு ஒரு தென்னந்தோப்பு. கிராணி தோட்டம் தோட்டமாகப் போய் ருசி பார்ப்பார். எங்களோடு பெஞ்சில் உட்கார மாட்டார், மரியாதை குறைந்துவிடுமாம். கடையின் பின்பக்கம் நாற்காலி போட வேண்டும். கைக்குட்டையில் சுற்றிய சொந்தக் கண்ணாடிக் கிளாஸை எடுத்து, கள்ளை ஊற்றச் சொல்லி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு தீர்ப்பு வரும்.

"இது பள்ளத்து மரம்டா இருசப்பா. சப்புனு இருக்கு. மேட்டு மரத்துக் கள்ளுக்கு உள்ள எடுப்பு இதுல எங்க இருக்கு?"

இருசப்பன் எங்கள் தோட்டத்தில் கள் இறக்குகிறவன். மரமேறி வந்த உடம்பு, சத்தமில்லாத வாய். எல்லா மரத்துக் கள்ளும் ஒரே பீப்பாயில்தான் விழுகிறது என்பது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கடைக்கு வருகிற நாய்க்கும் தெரியும். அவன் சிரிக்க மாட்டான். உள்ளே போய் அதே பீப்பாயிலிருந்து இன்னொரு முறை ஊற்றிக்கொண்டு வந்து, "இது எந்த மரங்கய்யா?" என்று கேட்பான்.

"இது! இதுதான் மேட்டு மரம்! கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்லுவேன் லா!"

மேட்டு மரம் என்று ஒன்று இருந்தது நிஜம். முனியாண்டி மேட்டின் உச்சியில், சடக்கோரம், ஒற்றைத் தென்னை. அதற்குப் பக்கத்தில் முனியாண்டியின் கல். கல்லுக்குப் பின்னால் காடு. அங்கிருந்து சடக்கு செங்குத்தாக இறங்கி, மூன்று வளைவு வளைந்து, அடிவாரத்தில் போய் முடியும். கிராணியின் இரண்டாவது பெருமை அந்த இறக்கம்.

"பிரேக்கைத் தொடவே மாட்டேன். காத்து காதுல கிழியும். உன் லோரியெல்லாம் என் பின்னாலதான் வரணும், டைவர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மேட்டில் பயப்படாதவன் எங்கள் தோட்டத்தில் ஒருவனும் இல்லை. நான் லோரியை நிறுத்தி, சூடம் கொளுத்தி, கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவேன். மாட்டுவண்டிக்காரன் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்குவான். பெரிய வேண்டுதல் என்றால் இலையில் சோறும் கருவாடும், ஒரு சுருட்டும், கொஞ்சம் கள்ளும் வைப்பது வழக்கம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கிராணிக்கு மட்டும் வெட்கம். "கூலிக்காரன் பயம்" என்பார்.

பிறகு வெள்ளைக்காரச் சர்க்கார் போட்ட அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். சோறு பொதுச் சமையலில்தான். வாசலைத் தாண்டி ஒரு பிடி அரிசிகூடப் போகக் கூடாது. பால் வெட்டப் போகிறவர்களின் வாளியை முகர்ந்து பார்ப்பார்கள், பெண்களின் மடியை உதறச் சொல்வார்கள். நாங்களும் முனியாண்டியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சூடத்தோடு நிறுத்திக்கொண்டோம். கிராணி சைக்கிளில் வந்தால் மட்டும் காவல்காரன் சலாம் வைத்துக் கதவைத் திறந்துவிடுவான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் ரோந்து வந்த பட்டாளத்துக்காரர்கள் முனியாண்டி கல்லில் ஓர் இலைப் பொட்டலத்தைப் பார்த்தார்கள். உள்ளே சோறு, பொரித்த கருவாடு. பக்கத்தில் கால் போத்தல் கள், ஒரு சிகரெட். தலைக்கு மேலே, மேட்டு மரத்தில், கள் இறக்கிக்கொண்டிருந்தான் இருசப்பன். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? இறங்கச் சொல்லி, அதே மரத்தோடு சேர்த்துக் கையைக் கட்டிவிட்டார்கள்.

காட்டுக்காரர்களுக்குச் சோறு வைத்தவனுக்கு என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். முதலில் சிறைமுகாம். பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். இருசப்பன் எங்கள் லயத்தில் பிறந்தவன். இந்தியாவில் அவனுக்கு யாரைத் தெரியும்?

அவன் பெண்சாதி சின்னத்தாய் என் லோரிக்கு முன்னால் வந்து நின்றாள். "அண்ணே, மேட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கண்ணே" என்றாள். அழவில்லை. ஏற்றிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு வெள்ளைக்கார அதிகாரி நின்றிருந்தார். தமிழ் தெரியாது, கொஞ்சம் மலாய் தெரியும். மொழிபெயர்க்க கிராணியை வரச் சொல்லியிருந்தார்கள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. மேடேறிய களைப்பு என்று நான் நினைத்தேன்.

சின்னத்தாய் பொட்டலத்தைப் பார்த்தாள். சிகரெட்டைப் பார்த்தாள். வெள்ளைக் காகிதம், நுனியில் தங்கக் கோடு, டின்னில் வருகிற சிகரெட். எங்கள் தோட்டத்தில் அதைப் பிடிக்கிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் துரை. துரை முனியாண்டியைக் கும்பிடுகிறவர் இல்லை.

"என் புருசன் சுருட்டுக்கே வழியில்லாதவருங்க. இது கிராணி ஐயா வச்சது. ஆட்டுக்குப் புல்லறுக்க வர்றப்ப எத்தனை வாட்டி பாத்திருக்கேன். சைக்கிள்ல எறங்குறதுக்கு முன்னாடி இந்தக் கல்லைச் சுத்திச் சுத்தி வருவாரு. இறக்கம்னா அவருக்குப் பயம். இந்தப் பட்டாளத்துத் தொரைகிட்டச் சொல்லுங்க."

யாரிடம் சொல்கிறாள் பாருங்கள். மொழிபெயர்க்கிறவரும் அவர்தானே! கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் புருசனுக்காக மன்னிப்புக் கேட்கிறாள் என்று அவர் சொன்னது புரிந்தது. மன்னிப்பு! செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆக்கிவிட்டார்.

'நான்தான் வைத்தேன், சாமிக்கு வைத்தேன், இறங்கப் பயம்' என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். துரையின் கிராணியை யாரும் கப்பலேற்றப் போவதில்லை. பயந்தவன் என்று பெயர் வந்துவிடக் கூடாது என்பதற்காக, தனக்குக் கள் ஊற்றிய ஒரு மனிதனைத் தொலைத்துக் கட்டத் துணிந்துவிட்டார். அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

"அந்தம்மா அப்படிச் சொல்லல, துவான்" என்று எனக்குத் தெரிந்த சந்தைப் பேச்சு மலாயில் குறுக்கிட்டேன். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அதிகாரி கிராணியைத் திரும்பிப் பார்த்தார்.

"பொய்! எனக்கென்ன பயம்? நான் பிரேக்கே பிடிக்கிறதில்ல!" என்று கிராணி தமிழிலேயே கத்தினார்.

சின்னத்தாய் என்னைப் பார்த்தாள். "அப்ப எறங்கச் சொல்லுங்கண்ணே. சாமிக்கு ஒண்ணும் வைக்காம, கும்பிடாம, இப்பவே எறங்கட்டும்."

சொன்னேன். அதிகாரிக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். கையை இறக்கத்தின் பக்கம் நீட்டினார்.

கிராணி கிளிப்பைச் சரிசெய்தார். தொப்பியை அழுத்திக்கொண்டார். சைக்கிளில் ஏறி ஒரு காலை மிதியில் வைத்தார். முதல் வளைவு கீழே தெரிந்தது. மறு கால் தரையை விட்டு எழவில்லை. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றோம். மரத்தோடு கட்டுண்டு கிடந்த இருசப்பனும் பார்த்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மிதியிலிருந்து காலை எடுத்து இறங்கினார். சைக்கிளைச் சாய்த்து வைத்தார். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் கல்லுக்குப் போய், சட்டைப் பையிலிருந்து டின்னை எடுத்து, தங்கக் கோடு போட்ட ஒரு சிகரெட்டை முனியாண்டிக்கு முன்னால் வைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த ஒன்றைக்கூட வைக்காமல் அவரால் அந்தச் சரிவில் இறங்க முடியவில்லை.

அதிகாரி குனிந்து அதை எடுத்தார். காலையில் கிடைத்த சிகரெட்டோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "பொடோ" என்று மலாயில் சொன்னார். முட்டாள் என்று அர்த்தம். இருசப்பனை அவிழ்த்துவிடச் சொன்னார்.

கிராணிக்கு என்ன தண்டனை என்கிறீர்களா? துரை நடுவில் புகுந்து பேசினார். ஒரு திட்டு, முடிந்தது. மரமேறி வைத்திருந்தால் கப்பல், கிராணி வைத்தால் முட்டாள்தனம். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இரண்டு ஞாயிறு கழித்து அவர் கள்ளுக்கடைக்கு வந்தார். நான் பெஞ்சில் இருந்தேன். எப்படித்தான் வர மனம் வந்ததோ! பின்பக்கம் போய் உட்கார்ந்து, கைக்குட்டையைப் பிரித்துக் கிளாஸை வைத்தார். நானாக இருந்தால் அந்தக் கிளாஸை எடுத்துச் சுவரில் அடித்திருப்பேன். இருசப்பன் எப்போதும்போல் விளிம்பு வரைக்கும் ஊற்றினான். கயிறு இறுக்கிய தழும்பு அவன் மணிக்கட்டில் இன்னும் இருந்தது.

கிராணி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஒரு வாய் குடித்தார்.

"இது எந்த மரங்கய்யா?" என்று இருசப்பன் கேட்டான்.

"தெரியலப்பா."

அந்த வார்த்தையை அவர் வாயால் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"மேட்டு மரங்க" என்றான் இருசப்பன். "பீப்பாயில ஊத்தல, உங்களுக்குன்னு தனியா எறக்கிட்டு வந்தேன். என்னைக் கட்டிப்போட்டாங்களே, அதே மரம்."

கிராணி மிச்சத்தைக் குடிக்கவில்லை. கிளாஸையும் எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே போய், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.