சிவப்பு நூல் கட்டிய கோல்

மார்கழி மாதம், பொழுது சாயும் நேரம். விழுப்புரம் ரயில்வே குடியிருப்பின் கிணற்றடியில் ஆறு வயதுப் பையன் ஒருவனைச் சட்டை நிக்கரோடு நிற்கவைத்து, அவன் அம்மா தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பையன் அழவில்லை. பற்கள் கிடுகிடுக்க, எப்போது முடியும் என்று காத்து நின்றான். சேற்றில் விழுந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு நான் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் போய்விட்டேன். கால்மணி நேரத்துக்கு முன்புதான் அவன் என் வகுப்பிலிருந்து சுத்தமாக வீட்டுக்குக் கிளம்பினான் என்பது வண்டியில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. திண்டிவனத்தில் ஆசிரியப் பயிற்சி முடிக்கும் தறுவாயில் இருந்தேன். கடைசி மூன்று மாதம் எங்காவது பிள்ளைகளோடு வேலை செய்து பழக வேண்டும் என்று விதி. விழுப்புரத்தில் ஒரு மாதர் சங்கம், பள்ளிக்கூடம் விட்ட பிறகு ரயில்வேக்காரர்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திவந்தது. பாட்டு, கதை, களிமண் பொம்மை, விளையாட்டு. பிள்ளைகளை ஆடவைப்பதும், அவர்களின் மனக்குறையைக் கேட்டுத் தேற்றுவதும் என் வேலை. மத்தியான வண்டியில் போய்ப் பொழுது சாய்ந்து திரும்புவேன். பட்டாளத்துக்காரர்களும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளும் போக, நிற்க இடம் கிடைத்தாலே பெரிது. அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் உடம்பு அலுத்துப்போகிறது.

வகுப்பை நடத்தியவரை மேற்பார்வை அம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஐம்பதைத் தாண்டிய விதவை. பாதங்கள் வீங்கியிருந்ததால் பெரும்பாலும் உட்கார்ந்தபடியே அதிகாரம் செய்வார். அங்கே பிள்ளைகளின் பேரை யாரும் கேட்பதில்லை. அப்பாவின் வேலைதான் பிள்ளையின் பேர். கிணற்றடியில் நின்றவன் குட்ஸ் கிளார்க் மகன். எட்டு வயதில், தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன் ஒருவரின் மகள் இருந்தாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சேரியிலிருந்து வருவாள். அவள் அப்பாவும் ரயில்வேக்காரர்தானே என்று சங்கத்தோடு வாதாடி அவளைச் சேர்த்தவர் மேற்பார்வை அம்மா. சேர்ந்த நாள் முதல் சுவரோரமாகத் தனியே உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. நான் சேர்ந்த இரண்டாம் வாரமே எல்லோரையும் கைகோத்து வட்டமாக நிற்கவைத்து, அவளைக் குட்ஸ் கிளார்க் மகனுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். சாதியை ஒரே சாயங்காலத்தில் ஒழித்துவிட்ட மாதிரி பெருமை. பயிற்சி நோட்டில் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். அப்போது எனக்கு வயது இருபது.

கிணற்றடியைப் பார்த்த மறுநாள் பையனைத் தனியே கூப்பிட்டு, "எதுக்குடா சாயங்காலத்துல குளியல்?" என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு கையப் புடிச்சேன் இல்ல டீச்சர், அதான். தெனமும் ஊத்துறாங்க" என்றான், தினமும் சோறு போடுகிறார்கள் என்று சொல்வதுபோல.

என் பெருமைக்குப் பத்து நாளாகத் தண்ணீரில் நின்றவன் அவன். இரண்டே நாளில் சளி நெஞ்சில் கட்டிக் காய்ச்சலில் படுத்துவிட்டான். இன்னும் நாலு பிள்ளைகள் வரவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அந்த வாரமே குட்ஸ் கிளார்க்கின் மனைவி வந்து, உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றாள்.

"நாங்க யாரையும் கொற சொல்லலீங்க. அந்தப் பொண்ண நிறுத்திடுங்க, இல்லன்னா எங்க புள்ளைங்கள நிறுத்திக்கிறோம். தெனம் தண்ணி ஊத்தி ஊத்தி எங்களுக்கும் பேஜாராயிடுச்சு."

அவள் போனதும், "நிறுத்திக்கட்டும்மா, என்ன இப்போ?" என்று நான் கொதித்தேன்.

மேற்பார்வை அம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவங்க நிறுத்திக்கினா சங்கத்துல வகுப்பையே மூடிடுவாங்க. நீ மூணு மாசம் முடிஞ்சா போயிடுவ. இந்தப் பொண்ணு எங்க போவும்?"

மறுநாளிலிருந்து கோலாட்டம் என்று அவர் முடிவு செய்தார். கோல்மேல் கோல்தான் படும், கைமேல் கை படாது. பாம்பும் சாகணும், தடியும் முறியக்கூடாது என்கிற கணக்கு. வீடு வீடாக அந்தக் கால்களோடு நடந்துபோய்த் தாய்மார்களிடம் சம்மதமும் வாங்கிவந்தார். கோல்கள் மட்டும் ஒன்றோடொன்று மாறிப்போகக் கூடாது என்று அவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். "அந்தப் பொண்ணு கோலுக்கு ஒரு அடையாளம் வெச்சிடு" என்று என்னிடம் சொன்னார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். வண்டிக்கு நேரமாகிவிட்டிருந்தது, சண்டை போடத் தெம்பில்லை. ஒரு ஜோடிக் கோலின் அடியில் சிவப்பு நூலைச் சுற்றிக் கட்டிவைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் அவள் கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு மட்டும் செவப்பு நூலா டீச்சர்?"

"நல்லா ஆடுறவங்களுக்குத்தான் அது" என்றேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். காய்ச்சல் விட்டுத் திரும்பிய பையன் தனக்கும் அந்த நூல் வேண்டும் என்று சிணுங்கினான். அவனுக்கு வேறு ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

என் முகம் வாடியிருந்ததைக் கண்டு மேற்பார்வை அம்மா ஒருநாள் சொன்னார்: "மனசுல வெச்சிக்காத. அந்தப் பொண்ணு உள்ள இருக்கா இல்ல? இப்பத்துக்கு அது போதும்." அந்த வார்த்தைக்காக அவரைப் பல வருஷம் வெறுத்தேன். பிறகு நானும் இப்படிப்பட்ட வகுப்புகளை ஊர் ஊராக நடத்தினேன். இப்பத்துக்குப் போதும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, நினைவில்லை. இன்று வகுப்பில் யாரும் கோலில் அடையாளம் வைக்கச் சொல்வதில்லை. அவரை இப்போது வெறுக்க முடியவில்லை. அவர் செய்தது சரி என்றும் சொல்ல முடியவில்லை.

பங்குனியில் என் கடைசி நாள் வந்தது. எல்லோரும் கிளம்பிய பிறகும் கேங்மேன் மகள் மட்டும் கோல்களோடு நின்றாள். போவதற்குள் என் மனசாட்சியைக் கொஞ்சம் இலேசாக்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

"அந்த நூலை அவுத்து நீயே வெச்சிக்கோ. உன்னோட பரிசு" என்றேன்.

"வேணாம் டீச்சர்" என்றாள். "நூலு இல்லாட்டி எது என் கோலுன்னு தெரியாது. அப்புறம் என்னைய நிறுத்திடுவாங்க."

"யாரு சொன்னா உனக்கு?"

"எங்கம்மா அன்னிக்கே சொல்லிச்சு. உங்கள கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னு கேக்கல."

இத்தனை நாளும் அதைத் தெரிந்துகொண்டேதான் ஆடியிருக்கிறாள். அவள் இரண்டு கோல்களையும் என்னிடம் நீட்டினாள்.

"முடிச்சு தளந்துடுச்சு டீச்சர். நீங்க போறதுக்குள்ள நல்லா இறுக்கிக் கட்டிக் குடுங்க."

வாங்கிக் கட்டிக்கொடுத்தேன்.