திரிஞ்சிட்டு வாரேன்

என் மகளின் தவணை அறிக்கையில், வகுப்பாசிரியையின் குறிப்புக்கென்று விட்டிருந்த கோட்டில், ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. டிரிஃப்டிங். அதோடு ஒரு படிவமும் பின் குத்தி வந்தது. அவளை ஆங்கில மொழிமூல வகுப்பிலிருந்து தமிழ் மொழிமூல வகுப்புக்கு மாற்ற எங்களுக்குச் சம்மதம் என்று கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அவள் அப்போது தரம் பத்து.

கண்டியில் ஓர் அலுவலகத்தில் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. அந்தச் சொல் எனக்குத் தெரியாததல்ல. மகாவலியில் வெள்ளம் வரும்போது மரக்கட்டை போகுமே, அது. ஆனால் ஒரு பிள்ளையைப் பற்றி எழுதினால் என்ன பொருள்? பல்லேகல தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மனைவிக்கு போனில் வாசித்துக் காட்டினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் திருப்பி எடுத்தாள்.

"என்னங்க, பக்கத்து மெஷின் அக்காகிட்ட கேட்டேன். 'ரஸ்தியாது'ங்கிறாங்க."

கண்டியில் தமிழ் பேசுகிறவர்களுக்கும் அந்தச் சிங்களச் சொல்லை விளக்கத் தேவையில்லை. வேலைவெட்டி இல்லாமல் தெருவில் பொழுது போக்குவது. ஆனால் பெண்பிள்ளை ஒருத்தியைப் பற்றிச் சொல்லும்போது அது எங்கள் வாயில் 'திரியிறா' என்று மாறிவிடும். திரியிறா என்றால், யாரோடு என்பதுதான் அடுத்த கேள்வி.

வீட்டில் அகராதி இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. மகளிடமும் கேட்கவில்லை. பஸ் தரிப்பிடத்துக்குப் போனேன். பழக்கடைக்காரரிடம் கேட்டேன், டியூஷன் ஆசிரியரிடம் கேட்டேன், அவள் ஏறும் பஸ்ஸின் நடத்துநரிடமும் கேட்டேன். "எங்க பொண்ணு ஸ்கூல் விட்டு நேரா பஸ் ஏறுறாளா?"

அடுத்த நாள் பஸ் நிறைய ஆட்கள் இருக்கும்போது அந்த நடத்துநர் அவளிடம், "தங்கச்சி, அப்பா வந்து விசாரிச்சிட்டுப் போறாரு. என்ன செஞ்சீங்க?" என்று சிரித்திருக்கிறார்.

அதற்கடுத்த நாள் அவள் அந்த பஸ்ஸில் வரவில்லை. நாலு மணியானது, ஐந்தானது. பாடசாலை வாசல், நூலகம், கோயில் என்று ஓடினேன். ஆறு மணிக்குக் கிட்டத்தில், தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டபடி வீட்டுக்கு வந்தால், அவள் படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்க போன?"

"திரிஞ்சேன்."

"என்னது?"

"வாவியச் சுத்தி மூணு ரவுண்டு. கண்டக்டர் வரைக்கும் சொல்லி வச்சிருக்கீங்கல்ல? சும்மாவே பேர் வாங்கியாச்சு, ஒருக்கா திரிஞ்சுதான் பார்ப்போமேன்னு போனேன்."

என் கை ஓங்கியது. இறங்கவில்லை. ஆனால் ஓங்கியதை அவள் பார்த்தாள். இன்றைக்கும் அவளுடைய பஸ் பத்து நிமிடம் பிந்தினால் அந்தக் கையைத்தான் முதலில் சட்டைப் பைக்குள் விடுகிறேன்.

அன்றைக்குத்தான் அலுமாரியிலிருந்து அகராதியை எடுத்தேன். அந்தச் சொல்லுக்கு அரைப் பக்கம் இருந்தது. நீரோட்டத்தில் மிதந்து போதல். பாதையை விட்டு மெல்ல விலகுதல். ஒருவர் பேச்சின் உட்கருத்து. நோக்கமின்றி அலைதல். காற்று கொண்டுவந்து குவித்த பனி. நான் மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன்; காலையில் கொழுந்தின் மேல் நிற்கும் பனி, கை பட்டால் போய்விடும். அதைக் குவித்து வைக்கும் காற்றும் இருக்கிறதென்று வாய்விட்டுச் சொன்னேன்.

"கார வேணும்னே சறுக்கவிட்டு ஓட்டுறதும் அதுதான்ப்பா," என்றாள் மகள், பின்னாலிருந்து. "ஆனா அதுக்கு ஓட்டத் தெரிஞ்சிருக்கணும்."

பஸ்ஸில் நடந்ததற்குப் பிறகு அவளாக வந்து பேசியது அப்போதுதான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாள் என்று பயம். பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டையை ஆறு கொண்டு போகிறது, பனியைக் காற்று தள்ளுகிறது. கட்டையை யாரும் குறை சொல்லவில்லை.

"உன்னைய எது தள்ளுது?" என்று கேட்டேன்.

முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவள் யோசித்துத்தான் சொன்னாள். திங்களும் புதனும் சமய பாடம். அவள் வகுப்பில் இந்துப் பிள்ளைகள் நாலு பேர். மற்றப் பிள்ளைகளுக்கு அதே அறையில் அவர்களுடைய சமயம்; இந்த நாலு பேரும் படியிறங்கிக் கீழ்க் கட்டடத்துக்குப் போக வேண்டும். மணியடித்ததும் மேலே விஞ்ஞானம் தொடங்கிவிடும்.

"நாங்க மூச்சு வாங்க ஏறி வந்தா கதவு சாத்தியிருக்கும். தட்டணும். எல்லாரும் பார்ப்பாங்க. அதுக்குள்ள போர்டுல பாதிய அழிச்சிருவாங்க. எங்களுக்கு உட்காரக் கடைசி வாங்குதான் மிச்சம். அப்புறம் எதப் பார்க்கிறது? ஜன்னலத்தான் பார்க்கணும்."

மறுநாள் அரைநாள் லீவு போட்டுப் பாடசாலைக்குப் போனேன். வகுப்பாசிரியைதான் விஞ்ஞானமும் எடுக்கிறவர். கெட்டவர் அல்ல, கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். சிங்களத்தில்தான் பேசினோம்.

"மாத்தயா, நான் தப்பா ஒண்ணும் எழுதல்லையே. நல்ல பிள்ளை. ஆனா உடம்பு இங்க, மனசு வெளிய."

"வெளிய அனுப்புறது நீங்கதானே மிஸ்?"

கீழ்க் கட்டடத்தைப் பற்றிச் சொன்னேன். மேசையில் ஒட்டியிருந்த டைம்டேபிளைப் பார்த்தார்.

"டைம்டேபிள் போடுறது நான் இல்ல."

"அப்ப ரிப்போர்ட்ல டைம்டேபிளப் பத்தி எழுதுங்க. என் மகளப் பத்தி எழுதாதீங்க."

"தமிழ் வகுப்புன்னா பிள்ளைக்கு லேசா இருக்கும்னுதான் சொன்னேன்."

"நான் தமிழ்லதான் படிச்சேன் மிஸ். ஒண்ணும் லேசா இருக்கல்ல. அவளா அங்க போகணும்னு கேட்டா, இப்பவே கையெழுத்து வைக்கிறேன். நீங்க தள்ளி அவ போகமாட்டா."

குரல் உயர்ந்திருக்க வேண்டும். அடுத்த மேசையில் இருந்தவர் கொப்பி திருத்துவதை நிறுத்தினார். உயரட்டும். பஸ் தரிப்பிடத்தில் நான் தணிந்த குரலில் கேட்டு வைத்த கேள்விகளைவிட அது எவ்வளவோ மேல்.

படிவத்தில் சம்மதம் என்பதற்கு மட்டும்தான் இடமிருந்தது. நான் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன்: இந்தப் பிள்ளை எங்கும் அலையவில்லை. பாடசாலை அனுப்பிய இடத்துக்குப் போய்த் திரும்பி வருகிறாள். நாலு பேரும் வந்து சேர்ந்த பிறகு விஞ்ஞானத்தைத் தொடங்குங்கள். அந்தச் சொல்லை வெட்டுங்கள்.

சொல்லை வெட்டவில்லை. இன்னொரு படிவம் வந்தது. அதன் பின்பக்கத்திலும் எழுதினேன். என் கையெழுத்து இல்லாமல் அவளை மாற்ற முடியாது. அவள் அதே வகுப்பில்தான் இருக்கிறாள். இந்தத் தவணை புதன்கிழமை விஞ்ஞானத்தை வேறு நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை பழையபடிதான். அதற்காக மூன்றாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மகள் என்னோடு பேசுகிறாள். ஆனால் காலையில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, மேல்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி ஒன்று சொல்லாமல் அவள் போவதில்லை.

"அப்பா, திரிஞ்சிட்டு வாரேன்."

"வா," என்கிறேன்.