காய்ச்சல் வராத மாடுகள்

அரசு மாட்டு ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவரை எல்லோரும் கைராசிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருட சர்வீஸ். யாராவது புகழ்ந்தால் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும். யாருக்குத்தான் குளிராது?

உண்ணிக் காய்ச்சலுக்கான தடுப்பூசி மற்ற ஊசிகளைப் போல அல்ல. அதில் இருப்பவை உயிருள்ள செல்கள். அவற்றுக்குள் வலுவிழந்த கிருமி. உறைகுளிர் கேனிலிருந்து எடுத்து உருக்கினால் அரை மணிக்குள் மாட்டுக்குப் போட்டுவிட வேண்டும். தாமதித்தால் செல் செத்துவிடும், மருந்து வெறும் தண்ணீர். உயிரோடு போனால், இரண்டாவது வாரம் மாட்டுக்கு லேசாகச் சூடு ஏறும், தோளுக்கு முன்னால் நெறி கட்டும். ஊசி வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இந்த ஊசி போடப் போன அன்று அவருக்கு உடம்பு வணங்கவில்லை. வீட்டுக்கு வீடு கேனைத் திறந்து மூட யாரால் முடியும் என்று காலையிலேயே எல்லாக் குப்பிகளையும் மொத்தமாக உருக்கிவிட்டார். கடைசியாகப் பால்காரம்மாவின் கொட்டகைக்குள் நுழைந்தபோது மணி ஒன்றரை. பதினோரு மாட்டுக்கும் குத்திவிட்டு நடையைக் கட்டினார்.

இரண்டு வாரம் கழித்து பால்காரம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, புது டாக்டரம்மா போட்ட எதிர்வீட்டு மாடெல்லாம் ரெண்டு நாள் காய்ச்சல்ல சுருண்டு கெடந்துச்சு. என்னோடது ஒண்ணுகூட அசரல! ஊசின்னா உங்ககிட்டதான் போடணும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

உள்ளே டாக்டரம்மா மருந்து எழுதிக்கொண்டிருந்தாள். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றார் கைராசிக்காரர். கடைசியில் சிரித்தும் வைத்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி போட வேண்டுமென்று வாய் வரைக்கும் வரும், மானம் தடுக்கும். இதில் என்ன மானம் வேண்டியிருக்கிறது?

மழைக்காலத்தில் உண்ணி பெருத்தது. பால்காரம்மாவின் நல்ல கறவை நாலே நாள் காய்ச்சலில் விழுந்து செத்தது. அவர் போனபோது அவள் அதன் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க மேல ஒரு குத்தமும் இல்லண்ணே. உங்க ஊசியாலதான் மத்ததாவது தப்பிச்சுது. இதுக்கும் உங்க கையாலயே போட்டுருங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு.

"நான் போட்டது செத்துப்போன மருந்தும்மா," என்றார். "காய்ச்சல் வந்திருக்கணும். வராததுதான் தப்பு."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க வாசல்ல வந்து சொன்னப்பவே."

அவள் கன்றின் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள்.

"டாக்டரம்மாவ வரச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் அவங்களே போடட்டும். நீங்க மாட்டப் புடிச்சுக்குங்க."